பக்கத்து வீட்டில் பத்து

கடைப் பலகையில் பெயர் எழுதவில்லை.
ஆனாலும் புதுவயல் மில்லுக்கு வருகிற லாரிக்காரர்கள்
டீச்சர் கடை என்றுதான் வழி சொல்கிறார்கள்.
பதினோரு வருஷம் பாடம் நடத்தினேன்,
இருபத்தாறு வருஷமாகப் பருப்பு நிறுக்கிறேன்.
பருப்பால் ஒரு பட்டமும் வரவில்லை.
பொன்னழகி என்பது ரேஷன் கார்டுக்கு மட்டும்.

காலையில் முதல் வேலை சாம்பல் துடைப்பது.
மில்லில் உமி எரித்த சாம்பல்,
பிஸ்கட் பாட்டில் மூடியில், தராசுத் தட்டில்,
தொங்குகிற ஷாம்புச் சரத்தில்.
சில நாள் துடைக்குமுன் விரலால் அதில் எழுதுவேன்:
நாற்பத்து மூன்று. கீழே பதினேழு.
ஒரு கோடு.

மூன்றில் ஏழு போகாது.
பக்கத்து வீட்டில் கடன் வாங்கு.

எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன் இதை!
பள்ளிக்கூடம் என்றது
பர்மாவில் இருந்தவர் கட்டிய வீட்டின் இரண்டாங்கட்டு.
முட்டைப்பூச்சுச் சுவரில் ஆணி இறங்காது,
நான் திரும்பும்போதெல்லாம் இந்தியப் படம் கீழே விழும்.
சம்பளப் பதிவேட்டில் எண்ணூறுக்குக் கையெழுத்து,
கையில் முந்நூற்றைம்பது.
அந்தக் கழித்தலை நான் கரும்பலகையில் போட்டதில்லை.

சேவுகன் என்று ஒரு பையன், நான்காம் வகுப்பு,
காதில் எப்போதும் ஒரு பலப்பம்.
எழுந்து நின்று கேட்டான்:
"வாங்குன பத்த எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?"
வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.
அப்புறம் எதற்கென்று தெரியாமல்
மணியடிக்கும் வரை அவனை நிற்க வைத்தேன்.

எங்கள் வயல் கடைமடை.
கண்மாய்த் தண்ணீர் எங்களுக்கு ராத்திரி முறை,
அதிலும் மேலே குடித்தது போக மிச்சம்.
அய்யாவுக்குக் காய்ச்சல், எனக்குப் பதின்மூன்று.
மண்வெட்டியும் அரிக்கேனும் கொடுத்து ஆத்தா அனுப்பினாள்.
மேல்வயல் ராக்கம்மாளுடையது.
புருஷன் செத்து நாற்பது நாள் ஆகவில்லை,
காவலுக்கு ஆள் இல்லை.
வாமடையை வெட்டக்கூட இல்லை நான்,
குதிகாலால் அழுத்தினேன்.
சேறு விலகியது. தண்ணீர்
யாருடையது என்று கேட்காமல் வந்தது.

கதிர் பால் பிடிக்கிற சமயம்.
எங்களுக்கு ஏழு மூட்டை கண்டது.
அவள் களத்தில் தூற்றுவதைப் பார்த்தேன்,
முறத்திலிருந்து விழுந்ததைவிடப் பறந்ததுதான் அதிகம்.
அந்த ஏழில் மூன்றை விற்றுத்தான்
காரைக்குடிக்குப் படிக்கப் போனேன்.

பள்ளியை மூடியபோது
எழுதாத வருகைப் பதிவேடு மூன்று மிஞ்சின.
எடுத்து வந்து கடன் நோட்டாக்கினேன்.
தீர்ந்ததும் அதே மாதிரிதான் வாங்குகிறேன்.
பெயர்க் கட்டத்தில் பெயர்,
தேதிக் கட்டத்தில் துவரை கால், எண்ணெய் நூறு.

அதில் பதினான்காவது பெயர் பஞ்சவர்ணம்,
ராக்கம்மாள் மகள். மில் களத்தில் நெல் புரட்டுகிறாள்.
எண்பத்து நான்கு ஆனால் எழுபது என்று எழுதுவேன்.
நிறுத்த பிறகு ஒரு கை அள்ளிப் போடுவேன்.
புண்ணியத்துக்கு என்று நினைத்துவிட வேண்டாம்.

போன சனிக்கிழமை கூலி வாங்கியதும் வந்தாள்.
நோட்டைத் தன் பக்கம் திருப்பி
வெடித்த விரலால் கட்டம் கட்டமாகக் கூட்டினாள்.
"டீச்சரு, உங்க கணக்கு தப்பு.
அறுபத்தெட்டு ரூவா விட்டுட்டீக.
மூணு வாரமாப் பாக்குறேன், கண்ணாடிய மாத்துங்க."
சில்லறையோடு எண்ணித் தராசுத் தட்டில் வைத்தாள்.

சொல்லிவிடத்தான் வாய் திறந்தேன்.
"யாரு ஒனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தா?"
என்று வந்தது.
"எங்காத்தாதான். ஒரு வருஷம் வயலு பதராப் போச்சு,
அதுலருந்து ஒரு மணி விடாம எண்ணும்."

உப்பு ஒரு கிலோ கேட்டாள், கொடுத்தேன், போனாள்.
லாரி ஒன்று திரும்பியது,
துடைத்த மூடிகளில் மறுபடி சாம்பல்.
அறுபத்தெட்டை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தேன்.